துடுப்பின் மறுமுனை

இஞ்சினை நிறுத்தியதும் முதலில் கேட்பது இஞ்சின் சத்தம்தான். ஒன்றரை மணித்தியாலமாகக் காதுக்குள் ஏறிய இரைச்சல் இறங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அது வடிந்த பிறகு படகின் விலாவில் தண்ணீர் தட்டுவது கேட்கும். அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. சுபஹ் தொழுகை முடிந்த கையோடு காத்தான்குடிக் கரையிலிருந்து தள்ளிய படகு. பள்ளிவாசல் மினாராக்கள் மேற்கே எப்போதோ தாழ்ந்துவிட்டன. மே மாதம், கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. கடல் எண்ணெய் பூசிய பலகை மாதிரிக் கிடந்தது.

படகை ஓட்டிவந்த காக்கா ஒரு துடுப்பை எடுத்தார். இஞ்சின் பூட்டிய பைபர் போட்டுக்குத் துடுப்பு எதற்கு என்று கரையிலேயே கேட்டிருந்தேன். “கிடந்திட்டுப் போகட்டும்” என்றார். இப்போது அதன் அலகைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியின் நுனியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“என்ன கேக்குது காக்கா?”

“பொறுங்க தம்பி. மனிசன் பேசினா மத்தது கேக்காது.”

நான் வந்தது ஓர்க்கா பார்க்க. அன்றைக்கு ஓர்க்கா வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருந்து ஏமாற்றுவது நியாயமில்லை. திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகள் திருகோணமலையிலும் மிரிசவிலும் இருக்கின்றன. காத்தான்குடியில் இருப்பவை மீனுக்குப் போகும் படகுகள்தான். சூரைக்கு விரித்த வலைக்குப் பக்கத்தில் ஓங்கில் துள்ளும், எப்போதாவது பெரியது ஒன்று மூச்சுவிட்டுப் போகும், அவ்வளவுதான். இருந்தாலும் ஓர்க்காவை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். அதற்குக் காரணம் அந்தத் துடுப்பு.

மட்டக்களப்பு வாவியில் இது பழைய வித்தை. நிலா வெளிச்ச இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஊன்றிக் காது வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இங்கே வந்து இரவில் தோணியில் போய்க் கேட்டார். தோணியின் மரத்தில் காதைப் பொருத்தியபோது ஒலி இன்னும் பலமாகக் கேட்டது என்று எழுதியும் வைத்தார். அவரைக் கூட்டிப்போன மீனவர்கள் பாடுவது மீன் அல்ல, ஊரி என்ற நத்தை என்றார்களாம். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலில் இந்த நீரோசைக்கு நீரரமகளிர் என்றே உருவம் கொடுத்துவிட்டார். நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகவில்லை. என் கவனமெல்லாம் துடுப்பின் மேல்தான்.

ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஓடும். தண்ணீரில் 1500 மீற்றர். இவ்வளவு வேகமாக வருகிற ஒலி மேலே வந்து நம் காதில் ஏன் விழுவதில்லை? நீரும் காற்றும் அந்த அளவுக்கு ஒட்டாத சாதிகள். கீழிருந்து வரும் ஒலிச்சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீர்ப்பரப்பைத் தாண்டிக் காற்றுக்குள் தப்பும். மிச்சமெல்லாம் கண்ணாடியில் பட்ட வெளிச்சம்போலக் கீழேயே திரும்பிவிடும். ஆகவே கடல் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் படகில் இருப்பவனுக்கு அது ஊமை. மரம் அப்படியல்ல, கனத்திலும் இறுக்கத்திலும் அது தண்ணீருக்குக் கிட்டத்தில் நிற்கிறது. நீரில் வரும் அதிர்வு மரத்துக்குள் ஏறும், மரத்திலிருந்து எலும்புக்கு ஏறும், எலும்பிலிருந்து உட்செவிக்கு. காற்று என்ற இடைத்தரகர் இல்லாத வியாபாரம்.

ஓர்க்கா செய்வதும் இதைத்தான். அதன் வெளிக்காது ஒரு ஊசித்துளை, பெரும் பயனில்லை. அது கேட்பது கீழ்த்தாடையால். பின்பக்கம் மெலிந்த அந்தத் தாடையெலும்பும் அதனோடு சேர்ந்த கொழுப்பும் நீரின் அதிர்வை வாங்கி நேரே உட்செவிக்குக் கொண்டுபோகின்றன. காக்கா கையில் பிடித்திருந்த துடுப்பை ஓர்க்கா முகத்திலேயே வைத்துக்கொண்டு பிறக்கிறது.

பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘கொலைகாரத் திமிங்கிலம்’ என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறோம். உண்மையில் அது டொல்பின் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். அந்தக் குடும்பத்தில் அதைவிடப் பெரியது வேறில்லை. ஆண் எட்டு ஒன்பது மீற்றர் வரை வளரும், முதுகுத் துடுப்பு மட்டும் ஓர் ஆள் உயரம் நிற்கும். நம் பழைய சொல்வரிசை ஒன்று இதைவிட நன்றாக இருக்கிறது. திமி ஒரு பெருமீன். அந்தத் திமியை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையே விழுங்குவது திமிங்கிலகிலம். யாரோ ஒரு புலவர் சும்மா அளந்துவிட்ட கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2013இல் இலங்கையின் தெற்குக் கடலில் ஓர்க்காக் கூட்டமொன்று அம்பர் திமிங்கிலங்களைத் தாக்கியதை நீருக்கடியில் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களையும் வேறு சில சம்பவங்களையும் வைத்து ஜோர்ஜினா ஜெம்மெல், ஷோன் ஹைன்ரிக்ஸ், கெஹான் டி சில்வா விஜேரத்ன முதலானோர் 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கைக் கடலில் திமிங்கிலத்தைத் தின்னும் திமிங்கிலம் உண்டு என்பது அப்படித்தான் ஏட்டில் ஏறியது.

அம்பர் திமிங்கிலம் என்று நான் எழுதுவதை ஆசிரியர்கள் திருத்தக்கூடும். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘விந்துத் திமிங்கிலம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். காத்தான்குடி அத்தர்க் கடையில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அம்பர் என்று சொன்னால் கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார். கணவாயின் கூரிய அலகுகள் குடலை அறுக்காமலிருக்க இந்தத் திமிங்கிலம் சுரக்கும் மெழுகுப் பொருள்தான் பல காலம் கடலில் மிதந்து மணம் பிடித்து அம்பராகிறது. அபூ உபைதா (ரலி) தலைமையில் போன படை பசியில் வாடியபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த ‘அன்பர்’ என்ற பெருமீனைப் பல நாள் உண்டதையும், அதன் விலா எலும்பை நிமிர்த்தி வைத்து அதன் கீழே ஒட்டகம் போனதையும் குர்ஆன் மதரசாப் பிள்ளையும் சொல்லும். பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது கடன் வாங்குவானேன்?

இந்த அம்பர் திமிங்கிலம் இங்கே வருவதற்குக் காரணம் கடலின் அடி. இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடையின் சராசரி அகலம் இருபது கிலோமீற்றர் சொச்சம்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே ஐம்பது மீற்றர் சொச்சம் ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் போய்த் தொட்டுவிட்டு வருகிறார்கள். அதையும் தாண்டிக் கிழக்கே போனால் மேடை முடிகிறது, பிறகு அடி விழுந்துவிடுகிறது. வடக்கே திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாசல்வரை வந்து நிற்கிறது. ஆயிரம் மீற்றர் ஆழத்தில் கணவாய் தேடும் விலங்குக்கு நடுச்சமுத்திரம் போகத் தேவையில்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன் நம் படகு எட்டும் தூரத்திலேயே அதற்குக் கடை திறந்திருக்கிறது.

இந்தக் கடை பற்றி 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ‘டியூலிப்’ என்ற சிறிய பாய்க்கப்பலில் திருகோணமலைப் பக்கம் திரிந்து அம்பர் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகச் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு 1979இல் அறிவித்திருந்த காலம் அது. கொல்லாமலே திமிங்கிலத்தைப் படிக்க முடியுமா என்று பார்க்க வந்தவர்கள் முதன்மையாக நம்பியது நீரடி ஒலிவாங்கியை. அதாவது, கம்பி பூட்டிய ஒரு துடுப்பை. பிறகு போர் வந்தது. கிழக்குக் கடலில் ஆய்வுக் கப்பல் என்ன, மீன்பிடிப் படகுக்கே நேரக் கட்டுப்பாடும் தூரக் கட்டுப்பாடும் வந்த காலத்தை இந்தக் கரையில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

அம்பர் திமிங்கிலத்தைக் கண்டுபிடிக்க ஒலிவாங்கி ஏன் போதுமென்றால், இரை தேடி இறங்கினால் அது வாயை மூடுவதே இல்லை. கீழே இருட்டு. அந்த இருட்டில் செக்கனுக்கு ஒன்றிரண்டு வீதம் ‘டக், டக்’ என்று தட்டிக்கொண்டே இறங்கும். கணவாயில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து இரை தேடும். விலங்குலகில் இதைவிடப் பலமான ஒலி எழுப்புவது வேறில்லை. மரக்கப்பல் காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர்கள் கப்பலின் அடித்தட்டில் படுத்திருக்கும்போது யாரோ சுத்தியலால் அடிப்பது போலக் கேட்டு, அதற்குத் தச்சன் மீன் என்று பெயர் வைத்தார்கள். டெனன்ட் தோணி மரத்தில் காது வைத்த அதே சங்கதிதான்.

ஆனால் தட்டுகிறவன் தான் இருக்கும் இடத்தையும் சேர்த்தல்லவா சொல்லிக்கொடுக்கிறான். கேட்க யாராவது இருந்தால்?

கனடாவின் மேற்குக் கரையில் 1970களிலிருந்து ஓர்க்காக்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வருகிறார்கள். மைக்கல் பிக் என்பவர் முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் அதன் பின்னாலுள்ள சாம்பல் நிறத் திட்டையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே கடலில் இரண்டு விதமான ஓர்க்காக்கள். ஒரு சாரார் சல்மன் மீன் மட்டும் தின்பவர்கள். கலகலவென்று பேசிக்கொண்டே போவார்கள். மற்றச் சாரார் கடல்நாய், டொல்பின், திமிங்கிலம் என்று பாலூட்டிகளை மட்டும் தின்பவர்கள். வேட்டை முடியும்வரை மூச்சுக் காட்ட மாட்டார்கள். காரணம் எளிது. ஓர்க்காவின் பேச்சு சல்மனுக்குச் சரியாகக் கேட்காது. கடல்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் நன்றாகக் கேட்கும். செவிட்டு வீட்டில் திருடப் போகிறவன் பாடிக்கொண்டு போகலாம்; மற்ற வீட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இரைகளின் கெட்டித்தனம். 2002இல் வோல்கர் டீக்கே என்ற ஆய்வாளர் அங்குள்ள கடல்நாய்களுக்கு ஓர்க்கா ஒலிகளை நீருக்கடியில் போட்டுக் காட்டினார். பாலூட்டி தின்னும் ஓர்க்காவின் குரல் கேட்டதும் கடல்நாய்கள் விலகி ஓடின. ஊரில் பழகிய, மீன் தின்னும் ஓர்க்காவின் குரலைச் சட்டை செய்யவில்லை. கேட்டுப் பழகாத ஊரிலிருந்து வந்த மீன் தின்னும் ஓர்க்காவின் குரலுக்கும் ஓடத்தான் செய்தன. தெரியாத குரல் என்றால் முதலில் கதவைச் சாத்து, பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

இந்த இரு சாராரும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒருவரோடொருவர் கலப்பதில்லை. அதனால் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரிக்க வேண்டுமென்று 2024இல் ஓர் ஆய்வுக்குழு வாதாடியது. இனமோ கிளையோ, பிரித்து வைத்தது சாப்பாடும் பேச்சும்தான். நோர்வேயில் ஹெரிங் மீனை உருண்டையாகச் சுருட்டி வாலால் அடித்துத் தின்னும் கூட்டம் உண்டு. நியூசிலாந்தில் திருக்கை பிடிக்கும் கூட்டம் உண்டு. அந்தாட்டிக்காவில் வரிசையாக நீந்தி அலை எழுப்பி, பனிக்கட்டியில் படுத்திருக்கும் கடல்நாயைக் கழுவி விழுத்தும் கூட்டமும் உண்டு. எல்லாம் உம்மாவிடம் படித்த வித்தைகள்.

உம்மா என்றது சும்மா அல்ல. மட்டக்களப்புப் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்பது தாய்வழியில் வரும். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். நன்கு ஆராயப்பட்ட அந்தக் கனடாக் கரை ஓர்க்காக்களும் தாய்க்குடிதான், ஒரு படி மேலே. மகளும் போவதில்லை, மகனும் போவதில்லை. மாப்பிள்ளை வேற்றுக் கூட்டத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்டு திரும்பவும் உம்மாவின் விலாவோடு வந்து நீந்துவான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு வழக்கு உண்டு. ஒலியைக் கேட்டே எந்தக் குடி என்று சொல்ல முடியும் என்பதை ஜோன் போர்ட் 1980களில் நிறுவினார். பெண் ஓர்க்கா நாற்பது வயதளவில் பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பல பதிற்றாண்டுகள் வாழ்கிறது. மனிதரையும் சில திமிங்கில வகைகளையும் விட்டால் இது மிக அபூர்வம். மீன் அருகிய ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் போவது அந்த மூத்தம்மாக்கள்தான். முப்பது வயது கடந்த மகன்கூட, உம்மா இறந்தால் அடுத்த ஆண்டுக்குள் சாகும் ஆபத்து பதினான்கு மடங்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதைக் காக்காவிடம் சொன்னேன்.

“எண்ட மூத்த மவனும் அப்பிடித்தான்” என்றார்.

நம் கடல் ஓர்க்காக்களுக்கு வருவோம். வெப்பக் கடலில் ஓர்க்கா குறைவு. சின்னச் சின்னக் கூட்டங்களாக நீண்ட தூரம் அலையும். குளிர்கடல் ஓர்க்காவைப் போல ஒரு உணவோடு நில்லாமல் கிடைப்பதைத் தின்னும். ஆகவே தேடிப் போய்ப் பார்ப்பது என்பது இங்கே அநேகமாக நடக்காத காரியம், எதிர்ப்பட்டால் உண்டு. ‘ஓர்க்கா புரொஜெக்ட் ஸ்ரீலங்கா’ என்ற அமைப்பு சுற்றுலாப் படகுக்காரரும் மீனவரும் பயணிகளும் தற்செயலாக எடுக்கும் படங்களைத் திரட்டி, துடுப்பின் வெட்டைப் பார்த்து ஆளை மட்டுக்கட்டுகிறது. அப்படி இலங்கைக் கடலில் படமான ஓர்க்கா அபுதாபிக் கடலிலும் படமாகியிருக்கிறது. இங்கேயும் வளைகுடாவிலுமாகக் காலம் கழிப்பது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமல்ல.

“மனிசனத் தின்னுமா?” என்று காக்கா கேட்டார். கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை என்றேன். நம்பாத மாதிரிப் பார்த்தார். “பசிச்சாத் தெரியும்.” பசித்தாலும் உம்மா காட்டித் தராததைத் தின்னாது என்பது என் கட்சி.

அம்பர் திமிங்கிலங்கள் அந்த மௌன வேட்டையை எதிர்கொள்ளும் விதம் வேறு. குட்டியால் ஆழத்துக்குப் போக முடியாது. உம்மா கீழே இரை தேடும்போது குட்டி மேலே நிற்கும். பெரியம்மா, சாச்சி என்று யாராவது முறைவைத்துப் பக்கத்தில் காவல் நிற்பார்கள். ஓர்க்கா வந்தது தெரிந்தால் எல்லாம் ஒன்றுகூடி, தலைகளை நடுவிலும் வால்களை வெளியிலுமாகப் பூவிதழ் போல வட்டம் கட்டும், குட்டி நடுவில். எப்போதும் பலிக்காது. 1997இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஏறத்தாழ முப்பத்தைந்து ஓர்க்காக்கள் வந்து ஒன்பது அம்பர் திமிங்கிலங்களை நான்கு மணித்தியாலம் அலைஅலையாகத் தாக்கின. வட்டத்திலிருந்து ஒன்றை இழுத்தெடுத்தால் மற்றவற்றில் ஒன்றிரண்டு வெளியே வந்து, தாமும் கடிபட்டு, அதைத் திரும்பக் கூட்டிவந்து வட்டத்தில் சேர்த்ததைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நோர்வேக் கடலில் அம்பர் திமிங்கிலங்களுக்கு ஓர்க்கா ஒலியைப் போட்டுக் காட்டியபோது அவை இரை தேடுவதை விட்டுவிட்டு ஒன்றையொன்று நாடி நெருங்கின.

காக்கா என் தோளைத் தொட்டார். துடுப்பை என் பக்கம் சரித்தார். பிடி உப்பும் வியர்வையும் ஊறி வழுவழுத்துக் கிடந்தது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தச் சொன்னார். முதலில் என் நாடித்துடிப்பு. பிறகு அதற்கு அடியில், அதோடு தாளம் சேராமல் இன்னொன்று. டக். டக். டக். தூரத்து வளவில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி. நான் கையால் தாளம் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டினார். “இரிக்கி” என்றார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியவில்லை. இடையிடையே தட்டல் நெருங்கி, கதவு கிரீச்சிடுவது போல ஓடிப்போய் நின்றது. இரைக்குக் கிட்டப் போகும்போது அப்படிச் செய்யும் என்று படித்திருந்தேன். மறுபடி சீராக, டக், டக். மறுகா அது நின்றுவிட்டது. பத்து எண்ணினேன். நூறு எண்ணினேன். துடுப்பைக் காக்காவிடம் கொடுத்தேன். அவரும் கேட்டார்.

“நிண்டு போச்சி.”

அம்பர் திமிங்கிலம் மேலே ஏறும்போது தட்டுவதை நிறுத்திவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று நான்தான் காலையிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. கடல் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. கருப்பாக, ஆள் உயரத்துக்கு ஏதாவது எழுகிறதா என்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு எழும்பியது நான் பார்க்காத பக்கத்தில். முந்நூறு மீற்றர் தள்ளி, இடது பக்கம் சாய்ந்து, முன்னோக்கி. அப்படிச் சரிந்த மூச்சு அம்பருக்கு மட்டும்தான்; அதன் மூக்கு தலையின் நுனியில் இடப்புறம் ஒதுங்கி இருக்கிறது. மரக்குற்றி போலக் கிடந்து, நிதானமாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூச்சுவிட்டது. நூறு மீற்றருக்குள் போகக்கூடாதென்பது சட்டம். காக்காவுக்குப் போகும் எண்ணமே இல்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. துடுப்பைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

“மத்ததுகளும் ஏறுதா எண்டு பாப்பம்” என்று சொல்லிக் கண்ணை மூடினார்.